மலாக்கா நீரிணை வழியே: முதல்முறை கப்பலேறுவோருக்கு

சிங்கப்பூரில் பயணக் கப்பல்கள் வந்து நிற்கும் முனையங்கள் இரண்டு. ஒன்று ஹார்பர்ஃபிரண்டில், செந்தோசா தீவுக்கு எதிரே இருக்கும் பழைய முனையம். மற்றொன்று 2012-ல் திறக்கப்பட்ட மரினா பே குரூஸ் சென்டர். டாக்சியில் ஏறி “குரூஸ் சென்டர்” என்று மட்டும் சொன்னால், ஓட்டுநர் எதற்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் விடலாம். முதல்முறை கப்பலேறுகிறவர்கள் தவறும் முதல் இடம் இதுதான். பயணச் சீட்டில் முனையத்தின் முழுப்பெயர் இருக்கும். முந்தின இரவே அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி ரயிலில் வருவதானால் மரினா பே முனையத்துக்குப் பக்கத்து நிலையம் மரினா சவுத் பியர். பெயரை நம்பி மரினா பே நிலையத்தில் இறங்கிவிட வேண்டாம்.

நான் அக்காவோடும் அத்தானோடும் போனது சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட் என்று சுற்றித் திரும்பும் பயணம். கப்பலின் பெயர் ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ். ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரில் கட்டப்பட்டு 2019-ல் கடலில் இறங்கியது. 347 மீட்டர் நீளம். பயணிகள் நான்காயிரத்துக்கும் மேல், பணியாளர்கள் ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில். விளம்பரப் படங்களில் நீச்சல்குளம், நாடக அரங்கு, கடைத்தெரு எல்லாம் வரும். பார்க்கிறவர் மனதில் அது ஒரு பெரிய ஓட்டலாகவே பதிந்துவிடுகிறது. நான் பார்த்தவரை, புதியவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் கிளைக்கின்றன. ஓட்டல் நாட்டின் எல்லையைத் தாண்டாது, ஆடாது, நாம் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் கதவைப் பூட்டாது. கப்பல் இந்த மூன்றையும் செய்யும்.

எல்லை தாண்டுவதிலிருந்து தொடங்குகிறேன். கப்பல் கிளம்பியதும் நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியவர். வழியில் எங்கும் இறங்காமல் கேபினிலேயே படுத்திருந்தாலும் அப்படித்தான். திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்களின் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். செக்-இன் கவுண்டரில் எங்களுக்கு முன்னால் நின்ற இளம் தம்பதியின் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டுமானது. விமானச் சீட்டு, கப்பல் கட்டணம், ஓட்டல் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தார்கள். அந்தப் பெண் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பணம் கட்டுவதற்கு முன் விசாவின் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள். முகவர் பார்த்துக்கொள்வார் என்று விட வேண்டாம். மலேசியா, தாய்லாந்தின் நுழைவு விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன ஆண்டு போய்வந்த உறவினர் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் பாருங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்ல வேண்டும். சிங்கப்பூரின் மின்னணு வருகை அட்டையை விமானத்தில் வந்திறங்கும்போது ஒருமுறை, கப்பலில் திரும்பும்போது ஒருமுறை நிரப்ப வேண்டும். வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. அதற்குப் பணம் கேட்கும் தளங்களிடம் ஏமாறாதீர்கள்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் கப்பல் கிளம்பும் நாளிலேயே சிங்கப்பூரில் வந்திறங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். சென்னையிலோ திருச்சியிலோ விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. ஒரு நாள் முன்னதாக வந்துவிடுங்கள்.

பெட்டிகளை முனையத்தில் ஒப்படைத்தால் அவை கேபின் வாசலுக்கு வந்து சேர மாலையாகும், சில நேரம் இரவே ஆகிவிடும். அதனால் கடவுச்சீட்டு, மருந்து மாத்திரை, கண்ணாடி, குழந்தைகளுக்கு ஒரு மாற்றுடை இவையெல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஸ்கேனரில் பிடிபட்டு, பயணம் முடியும்வரை கப்பல்காரர்களிடம் இருக்கும். கடலில் தீ என்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று தெரிந்தால் இந்த விதியில் கோபம் வராது. வீட்டில் செய்த சாப்பாட்டையும் அனுமதிப்பதில்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத பொட்டலங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். அக்கா கொண்டுவந்த பருப்புப் பொடிப் பாக்கெட் அப்படித்தான் உள்ளே வந்தது.

தீயைப் பற்றிச் சொன்னேன். இதே வழித்தடத்தில் ஒருகாலத்தில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஓடியது. அந்த வரிசையில் கடைசியாக ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பயணிகள் இறந்தார்கள். அதோடு அந்தச் சேவையே நின்றுபோனது. ஏறியவுடன் நடக்கும் பாதுகாப்பு ஒத்திகையைச் சலிப்போடு பார்க்கிற தமிழர்களிடம் நான் சொல்ல நினைப்பது இந்தக் கதையைத்தான். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற பயணக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒத்திகை இன்னும் நடக்கவே இல்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. அந்த விபத்துக்குப் பின் விதி மாறியது. இப்போது கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும்.

பல கப்பல்களில் ஒத்திகையின் ஒரு பகுதியைச் செல்பேசியிலேயே பார்த்துவிடலாம். பிறகு உங்களுக்கென்று குறித்த கூடும் இடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்டிவிட்டு வர வேண்டும். காட்டிவிட்டு வருவதோடு நிறுத்தாதீர்கள். கேபினிலிருந்து அந்த இடத்துக்கு லிஃப்டைத் தவிர்த்துப் படி வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் சேர்ந்து வந்தால் அது அவசர அழைப்பு. நடு இரவில் அரைத்தூக்கத்தில் கேட்டாலும் கால் தானாக நடக்கும் அளவுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை அவர்களுக்கும் காட்டிவையுங்கள். எங்கள் தளத்தில் ஒரு சிறுமி தன் தாத்தாவைக் கைப்பிடித்து அழைத்துப்போய் அந்த வழியைச் சொல்லிக்கொடுத்தாள். கப்பலில் நான் கண்ட மிக நல்ல காட்சிகளில் அதுவும் ஒன்று.

கேபின் தேர்வில் புதியவர்கள் பார்ப்பது ஜன்னல் உண்டா, பால்கனி உண்டா, விலை எவ்வளவு என்பவற்றைத்தான். அறை கப்பலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. அலையில் கப்பல் முன்னும் பின்னுமாக ஏறி இறங்கும்போது இரு முனைகளும்தான் அதிகம் ஆடும். மேலே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் ஆட்டம் மிகக் குறைவு. அக்காவுக்குக் கொடைக்கானல் பஸ்ஸிலேயே தலை சுற்றும். அவருக்காகக் கீழ்த் தளத்தில், நடுவில், பால்கனி இல்லாத அறையை எடுத்தோம். விலையும் குறைவு. தள வரைபடத்தை விரித்து உங்கள் அறைக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே அறை எடுத்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். மேலும் கீழும் பயணிகள் அறைகளே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

குமட்டலுக்கான மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டால் பயன் குறைவு. முன்னதாகவே போட வேண்டும். எது, எவ்வளவு என்பதை ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தலை கனக்கத் தொடங்கினால் அறைக்குள் போய்ப் படுக்காமல், திறந்த தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள். கண்ணும் உள்காதும் ஒரே செய்தியைச் சொன்னால் மூளையின் குழப்பம் தணியும். பயப்படுகிறவர்களுக்கு இந்த வழித்தடம் மிக ஏற்றது. சுமத்ரா தீவு நீண்ட அரணாக நிற்பதால் மலாக்கா நீரிணைக்குள் பெரிய அலை எழுவது அரிது. வடக்கே அந்தமான் கடலுக்குள் நுழைந்த பிறகுதான் வேறுபாடு தெரியும். அங்கும் டிசம்பர் முதல் ஏப்ரல்வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்த உறுதியைத் தர முடியாது.

முதல் இரவு எல்லோரும் அரங்கிலும் உணவுக்கூடத்திலும் இருந்தபோது நாங்கள் மேல்தளத்தில் நின்றோம். உலகில் மிக நெரிசலான கடல்வழிகளில் ஒன்று இந்த நீரிணை. சிங்கப்பூருக்கு அருகே மிகக் குறுகலான இடத்தில் அகலம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. இருபுறமும் எண்ணெய்க் கப்பல்களும் சரக்குப் பெட்டிக் கப்பல்களும் விளக்குகளோடு வரிசையாக நகர்ந்தன. பச்சை விளக்கு தெரிந்தால் அது அந்தக் கப்பலின் வலப்புறம், சிவப்பு தெரிந்தால் இடப்புறம் என்று அத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. வரிசையில் நிற்கவும் வேண்டாம். நிகழ்ச்சி நிரலில் உள்ள எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள் கடலையே பார்க்காமல் திரும்புகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

செல்பேசியைக் கப்பல் ஏறியதும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால், கரையின் சிக்னல் மறைந்ததும் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பை அது தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்த ரோமிங் கட்டணம் சாதாரண வெளிநாட்டுத் திட்டங்களில் அடங்காது. ஒரு வீடியோ பின்னணியில் தரவிறங்கினாலே ஆயிரக்கணக்கில் பணம் போகும். இணையம் வேண்டுமென்றால் கப்பலின் வைஃபை திட்டத்தை வாங்கலாம். முன்கூட்டியே பதிவுசெய்தால் பெரும்பாலும் மலிவு.

சாப்பாட்டில் பெரிய சிக்கல் இல்லை. பஃபேயில் இந்திய உணவுக்கென்று ஒரு பகுதி இருந்தது. சைவம் என்பதைப் பதிவின்போதே எழுதிவிடுங்கள். முதல் இரவு உணவின்போது தலைமைப் பரிமாறுநரிடம் நேரில் சொன்னால், மறுநாள் முதல் உங்களுக்கென்று தனியாகச் செய்து கொண்டுவருவார்கள். முட்டை, மீன் சாஸ் கூடாதென்றால் அதையும் பெயர் சொல்லியே சொல்ல வேண்டும். கட்டணத்தில் எது அடங்கும், எது அடங்காது என்பதிலும் தெளிவு வேண்டும். தண்ணீர், பெரும்பாலும் தேநீர், சாதாரணக் காப்பி அடங்கும். குளிர்பானமும் மதுவும் சிறப்பு உணவகங்களும் தனி.

பினாங்கை நெருங்கும் காலையில் சீக்கிரம் எழுந்து மேலே வாருங்கள். வானம் தெளிந்திருந்தால் வடக்கே கெடா மாநிலத்தின் ஜெராய் மலை தெரியும். நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம் அந்தப் பக்கம்தான். பழைய மாலுமிகளுக்குக் கரை காட்டிய மலை அது. 1025-ல் ராஜேந்திர சோழனின் படை இந்த நீரில்தான் வந்தது.

பினாங்கில் பலர் செய்யும் பிழை, கப்பல் விற்கும் பேருந்துச் சுற்றுலாவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது. கப்பல் அணையும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் நகரின் விளிம்பிலேயே இருக்கிறது. இறங்கி நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை, அங்கிருந்து சற்றுத் தூரத்தில் லெபு பசார் எனும் மார்க்கெட் தெரு. பூக்கடை, வெள்ளிப் பாத்திரக் கடை, பழைய பாட்டு என்று நம் ஊர்க் கடைவீதியேதான். குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், இன்னும் சற்று நடந்தால் தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். இந்த நகர் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பினாங்கு மலை ரயிலையும் தண்ணீர்மலை முருகன் கோயிலையும் கெக் லோக் சி பௌத்தக் கோயிலையும் ஒரே பகலில் முடித்துவிடத் திட்டமிடாதீர்கள். தண்ணீர்மலைக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படி ஏற வேண்டும். மலை ரயிலில் வரிசை எவ்வளவு நீளும் என்று யாரும் சொல்ல முடியாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு சாப்பாட்டுக் கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் பேச்சுக் கொடுத்தார். “கப்பல்லயா வந்தீங்க தம்பி? நான் ரஜூலாவுல வந்தவன். எங்க அப்பா கையப் புடிச்சிக்கிட்டு.” 1926-ல் கட்டப்பட்ட ரஜூலா, 1970-களின் தொடக்கம்வரை நாகப்பட்டினத்துக்கும் இந்தக் கரைக்கும் இடையே ஓடியது. கேபின் எடுக்க வசதியில்லாத ஆயிரக்கணக்கானோர் தளத்திலேயே பாய் விரித்துப் படுத்து வந்தார்கள். அவரும் அப்படித்தான். கூட்ஸ் மாதிரி அடைத்து வைத்திருந்தார்கள், ஆனாலும் சண்டை வந்ததில்லை என்றார். பேருந்துச் சுற்றுலாவில் போயிருந்தால் அவரைச் சந்தித்திருக்க மாட்டோம்.

தனியாகச் சுற்றுகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கப்பல் மூலம் பதிவுசெய்த சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களே அமர்த்திய டாக்சி நெரிசலில் மாட்டிக்கொண்டால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் நீங்களே போய்ச் சேர வேண்டும். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டாவது, அரை மணியோ ஒரு மணியோ முன்னதாக இருக்கும். அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே துறைக்குத் திரும்பிவிடுவது எங்கள் வழக்கமாக இருந்தது. துறைமுக முகவரின் தொலைபேசி எண் அன்றைய நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருக்கும். படம் எடுத்து வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

புக்கெட்டில் கணக்கு இன்னும் நுட்பமானது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், கப்பலில் ஐந்து மணி ஆகும்போது கரையில் மணி நான்கு. கரையின் சிக்னலைப் பிடித்த செல்பேசி தானாக நான்கு காட்டும். ஐந்து மணிக்குள் திரும்பினால் போதும் என்று நினைத்துக் கடற்கரையில் உட்கார்ந்திருப்பவருக்கு, இன்னும் ஒரு மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். கடைசிப் படகு போய்விட்டிருக்கும். சில கப்பல்கள் கரை நேரத்துக்கு மாறிக்கொள்கின்றன. ஆகவே இறங்கும்போது வாசலில் நிற்கும் பணியாளரிடம் கப்பலின் நேரத்தைக் கேட்டு, பழைய கைக்கடிகாரம் ஒன்றில் அதையே வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசியை மட்டும் நம்ப வேண்டாம்.

படகு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. புக்கெட்டின் பட்டோங் விரிகுடாவில் பெரிய கப்பல் கரையணைய இடமில்லை. கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கொண்டுபோகிறார்கள். முதலில் கப்பலின் சுற்றுலாக்காரர்கள், பிறகு எண் வரிசைப்படி மற்றவர்கள். காலையிலேயே எண் வாங்கிவிட வேண்டும். கப்பலும் படகும் தனித்தனியே ஏறி இறங்கும்போது கால் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். அத்தான் அன்று இறங்கவில்லை. காலியான மேல்தளத்தில் நாள் முழுதும் புத்தகம் படித்தார். துறைமுக நாளில் கப்பலிலேயே தங்குவது இழப்பல்ல. குளமும் உணவுக்கூடமும் அன்றுதான் அமைதியாக இருக்கும்.

எங்கள் கேபினைச் சுத்தம் செய்த இளைஞர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தார். “ஊருக்குப் போய் ஏழு மாசம் ஆச்சு சார். தங்கச்சி கல்யாணத்துக்கு மட்டும் லீவு கேட்டிருக்கேன்.” ஒப்பந்தம் முடியும்வரை வார விடுமுறை என்று ஒன்று இல்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, இருபத்துநான்கு மணி நேரத்தில் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு என்று சொல்கிறது. மீதிப் பதினான்கு மணி நேரமும் வேலைக்குத் திறந்துதான் கிடக்கிறது. இவர்களுக்கான சேவைத்தொகை ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு டாலர் என்று உங்கள் கணக்கில் தானாகச் சேரும். நான்கு பேர் குடும்பத்துக்குக் கணிசமான தொகை. பதிவின்போதே அதைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை எதிர்பார்க்காமல் வந்தவர்கள் கடைசி நாளில் வரவேற்பு மேசைக்குப் போய் நீக்கச் சொல்வதைப் பார்த்தேன். சில கப்பல்களில் விதி அதற்கு இடம் தருகிறது. ஆனால் அது அந்தத் தூத்துக்குடிப் பையன் போன்றவர்களின் வருமானத்தின் ஒரு பகுதி. சேவையில் குறை இருந்தால் குறையைச் சொல்லுங்கள், திருத்துவார்கள். பணத்தைப் பிடுங்காதீர்கள்.

கைகழுவுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஒரே கரண்டியைத் தொடும் இடத்தில் நோரோவைரஸ் வேகமாகப் பரவும். கிருமிநாசினி ஜெல் அதற்குப் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். கப்பலில் மருத்துவர் உண்டு, கட்டணம் மிக அதிகம். கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் முதியவர்களை அழைத்துப்போக வேண்டாம். கர்ப்பம் இருபத்துநான்கு வாரத்தைத் தொட்டவர்களைப் பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

கடைசி நாள் மாலையே கணக்கைப் பார்த்துவிடுங்கள். தவறிருந்தால் அப்போதே கேட்கலாம். காலையில் வரவேற்பு மேசை முன் நீண்ட வரிசை நிற்கும். டெபிட் கார்டைப் பதிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: செலவழிக்காத தொகையையும் கப்பல் முன்பணமாகப் பிடித்துவைத்திருக்கும், அது வங்கியில் விடுபடச் சில நாட்களாகும். கிரெடிட் கார்டு இருந்தால் அதைப் பதியுங்கள். அன்று இரவு, பெட்டியில் சீட்டு மாட்டி வாசலில் வைத்தால் காலையில் முனையத்தில் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் உடுத்த வேண்டிய உடையையும் செருப்பையும் கடவுச்சீட்டையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டி அனுப்பிவிடுகிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இருப்பார்களாம், தூத்துக்குடித் தம்பி சொன்னார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்க முடிகிறவர்கள் வாசலில் வைக்காமல் முதலிலேயே இறங்கிவிடலாம். எப்படி இறங்கினாலும், இமிகிரேஷன் வரிசை ஒன்றுதான். ஊர் திரும்பும் விமானத்தை மதியம் ஒரு மணிக்குப் பிறகே பதிவு செய்யுங்கள்.